மூன்றாம் ஓலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு கிரேஸ் தன் தங்கையின் நிச்சயதார்த்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஷாரோன் பாயில் படுத்தபடி அதைப் பார்த்தாள். தூங்குவதுபோல் கிடந்தாள். கிரேஸ் சுவர்க் கண்ணாடி முன் நின்று முந்தானையைத் தோளில் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள். சேஃப்டி பின் குத்தினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

ஒரு நாள் கட்டிக்கொள்ளட்டும் என்று ஷாரோன் நினைத்தாள். இன்னும் பதினொரு நாளில் தன் கல்யாணம். அதன் பிறகு அந்தப் புடவை ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விடும். ஷாரோனும் போய்விடுவாள்.

இருவருக்கும் இருபத்தாறு வயது. கிரேஸ் பன்னிரண்டு நிமிடம் மூத்தவள். முகம், உயரம், குரல் எல்லாம் ஒன்று. ரேஷன் கடையில் கட்டைவிரல் வைத்தால் மிஷினுக்கு இருவரில் யாரையும் தெரியாது. பட்டு இழை ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தது.

அன்று கோயிலில் ஷாரோனின் மூன்றாம் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, ஆயர் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சபை முன் வாசிப்பார். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம் என்பார். மூன்றாவது முறை வாசித்து முடித்தால்தான் தாலி. தன் ஓலையைத் தானே காதால் கேட்கிற பெண்ணுக்கு ஆகாது என்பது அம்மா அன்னம்மாளின் நம்பிக்கை. அதனால் இரண்டு ஞாயிறும் ஷாரோன் வீட்டிலேயே இருந்தாள். கிரேஸ் போய்வந்தாள்.

முதல் ஞாயிறு சபைக் கிழவி கங்கையம்மாள் கிரேஸைக் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, உன் ஓலைய நீயே வந்து கேட்டுக்கினு நிக்கறியே, வெக்கமா இல்ல?"

கிரேஸ் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்து ஷாரோனிடம் சொன்னாள்.

"நீ இன்னா சொன்ன?"

"வெக்கமாதான் இருக்குது ஆயான்னேன்."

ஷாரோன் சிரித்தாள்.

"நல்லா இருந்துதுடி," என்றாள் கிரேஸ். "எல்லாரும் என் கையப் புடிச்சுப் புடிச்சுப் பேசனாங்க."

வீட்டின் முன்னறை முழுவதும் தறி. கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ஒருத்தி நடுவில் உட்கார்ந்து நெய்வாள். இன்னொருத்தி வலது ஓரத்தில் உட்கார்ந்து, கரை இழையைக் கொண்டு ஓடும் நாடாவை வாங்கித் திருப்பிப் போடுவாள். அவள் கை ஒரு நொடி தாமதித்தால் நடுவில் இருப்பவள் காத்திருக்க வேண்டும். அப்பா இறந்த வருடம், பதினாலு வயதில், இருவரும் தறியில் உட்கார்ந்தார்கள். இதுவரை ஒருத்திக்காக ஒருத்தி காத்திருந்ததில்லை. பட்டும் பாவும் கொடுக்கிற சிட்டிபாபு வாசலில் நின்று பார்ப்பார்.

"ஒரு ஆளு, நாலு கை," என்பார். "நான் யாரப் பாத்து வேலை சொல்றது?"

ஒவ்வொரு புடவையும் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்ததும் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். அது கிரேஸ் வைத்த விதி. ஒரே இடத்தில் இருந்தால் காய்ப்பு வேறு வேறு விரலில் வரும் என்றாள். வந்தால் என்ன என்று ஷாரோன் கேட்டதில்லை.

நிச்சயம் ஆனதும் சிட்டிபாபு ஷாரோன் இடத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பினார். சத்யப்ரியா. இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வாசலோடு நின்றாள்.

"நான் வர்லக்கா."

"கை வேகம் பத்தலன்னு திட்டனாளா?" என்று கேட்டாள் ஷாரோன்.

"திட்டல. என்ன ஷாரோன் ஷாரோன்னே கூப்புடுது. நான் சத்யப்ரியா, அக்கான்னேன். தெரியும், நீ சும்மா இருன்னுது."

அதை ஷாரோன் மாப்பிள்ளை ஜெபகுமாரிடம் சொல்லவில்லை. கிரேஸிடம் சொன்னாள். எல்லாவற்றையும் அவள் கிரேஸிடம் சொல்வாள். ஜெபகுமார் போனில் பேசியது, பேசாமல் விட்டது, பார்த்திருக்கிற வீட்டுக்கு எத்தனை ஜன்னல், மாமியார் எந்தப் பக்கம் காது கேட்காதவள். வீட்டில் ஒரு போன்தான். ஷாரோன் அடுப்படியில் இருந்தால் கிரேஸ் அவனுக்குப் பதில் அனுப்புவாள். பிறகு படித்துக் காட்டுவாள். நான் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன் என்று ஷாரோன் சொல்வாள்.

ஜெபகுமார் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் ஓட்டினான். அதே கம்பெனியில் அவளுக்கும் வேலை சொல்லி வைத்திருந்தான். ஷாரோன் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. தெருவில் நடந்தால் யாரும் நிறுத்தி, நீ கிரேஸா ஷாரோனா என்று கேட்காத ஊர் வேண்டும். அது போதும்.

ஏழரைக்கு கிரேஸ் திரும்பி வந்தாள்.

ஆராதனை ஏழு மணிக்குத் தொடங்கும். முடிய எட்டரை ஆகும். அம்மா ஆறு மணிக்கே கோயிலுக்குப் போயிருந்தாள். பாய் விரிப்பது அவள் வேலை. கிரேஸ் மட்டும் பாதியில் வந்திருந்தாள்.

"அதுக்குள்ள வந்துட்ட?"

"கோயிலுக்குப் போகல."

"பின்ன?"

"ஆயர் வீட்டுக்குப் போனேன். அவரு கெளம்பறதுக்குள்ள பாக்கணும்னு."

கிரேஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள். புடவையில் படாமல் முந்தானையை இடுப்பில் செருகினாள். அப்போதுதான் ஷாரோன் அவள் விரலைப் பார்த்தாள். நிச்சய மோதிரம். பட்டு இழை மாட்டும் என்று ஷாரோன் அதைக் கழற்றி அலமாரியில் டம்ளருக்குள் போட்டு வைத்திருந்தாள்.

"இன்னா சொன்ன அவர்கிட்ட?"

"எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லன்னு."

"உனக்கா?"

"ஷாரோனுக்கு."

ஷாரோன் எழுந்தாள்.

"எழுதிக் குடுன்னாரு," என்றாள் கிரேஸ். "எழுதிக் குடுத்துட்டேன். டீ குடிச்சுட்டுப் போ."

"ஏன்டி?"

கிரேஸ் பாலை ஊற்றினாள். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்தாள்.

"உனக்கு அங்க தூக்கம் வராதுடி. எனக்குத் தெரியும்."

ஷாரோன் நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினாள். கிரேஸ் தடுக்கவில்லை. இரண்டு டம்ளரில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கோயில் பத்து நிமிட நடை. அவள் போனபோது பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. ஓலை வாசிக்கும் நேரம் தாண்டிவிட்டது. நைட்டியோடு உள்ளே போக முடியாது. வேப்ப மரத்தடியில் முக்கால் மணி நேரம் நின்றாள். செருப்பு வரிசையில் அம்மாவின் செருப்பு இருந்தது.

ஆயர் அருள் இந்தச் சபைக்கு வந்து ஐந்து மாதம். அமைதியான மனிதர். அங்கி கழற்றாமலே அவளைத் தன் வீட்டு முன்னறைக்கு அழைத்துப் போனார். நாற்காலியைக் காட்டினார்.

"உட்காரும்மா, கிரேஸ்."

"நான் ஷாரோன் ஐயா. காலைல வந்தது கிரேஸ். அந்தக் கடுதாசிய நான் எழுதல. ஓலைய வாசிச்சீங்களா?"

"இல்ல. நிறுத்தி வெச்சிருக்கேன்."

"மத்தியான ஆராதனைல வாசிங்க ஐயா. எனக்கு இஷ்டந்தான். நான் மனசாரச் சொல்றேன்."

ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் தங்கச்சி காலைலயே சொன்னா. நான் போனதும் எங்க அக்கா ஓடி வருவா, நான்தான் ஷாரோன்னு சொல்லுவா, அவமேல கோவப்படாதீங்க ஐயா, அவளுக்கு மனசு தாங்கலன்னு சொன்னா. அழுதா."

"கையெழுத்தக் காட்டுங்க" என்றாள் ஷாரோன்.

அவர் மேசைமேல் வைத்தார். கோடு போட்ட தாள். ஷாரோன் என்று கீழே கையெழுத்து. 'ரோ'வின் கால் கொஞ்சம் நீண்டு வளைந்திருந்தது. அவள் அப்படித்தான் போடுவாள். இருவரும் ஒரே பலகையில் எழுதப் படித்தவர்கள்.

"இது உன் எழுத்து இல்லன்னு சொல்ல முடியுமாம்மா?"

"என் எழுத்துதான்," என்றாள். "ஆனா நான் எழுதல."

சொன்னதும் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

அன்னம்மாள் உள்ளே வந்தாள். மற்றவர் மகளின் ஓலையை வாசித்தார்கள், தன் மகளுடையதை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்க வந்திருந்தாள். அவள் பின்னாலேயே கிரேஸ் வந்தாள். அதே புடவை. தலையைச் சீவிப் பூ வைத்திருந்தாள். ஷாரோனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆயர் விஷயத்தைச் சொன்னார். அன்னம்மாள் இரண்டு முறை கேட்டாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பெத்தவங்க நீங்க," என்றார் ஆயர். "இதுல யாரு ஷாரோன்? சொல்லுங்க."

அன்னம்மாள் ஒருத்தியைப் பார்த்தாள். அடுத்தவளைப் பார்த்தாள்.

"ஷாரோன்," என்று கூப்பிட்டாள்.

"இன்னாம்மா," என்றார்கள் இருவரும்.

"கூப்ட்டா எது திரும்புதோ அது அதுன்னு வெச்சிப்பேன் ஐயா," என்றாள் அன்னம்மாள். "தறில பாத்தாவது தெரியுமான்னா, அதுலயும் மாத்தி மாத்தி உக்காருதுங்க. எனக்கு வேற எப்பிடித் தெரியும்?"

"அம்மா, என்னப் பாருமா," என்றாள் ஷாரோன்.

"பாத்துக்கினுதான்டி இருக்கறேன்." அன்னம்மாள் அழுதாள். "ரெண்டு பேரும் விளையாடாதீங்கடி. பத்திரிகை அடிச்சாச்சு."

கிரேஸ் எழுந்து அம்மாவை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். ஷாரோன் செய்வதுபோலவே, டம்ளரின் அடியைத் தன் கையால் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். ஷாரோன் அதை எப்போது செய்யத் தொடங்கினாள், கிரேஸைப் பார்த்தா, தானாகவா, யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"மாப்பிள்ளைத் தம்பிய வரச் சொல்லலாம்," என்றார் ஆயர். "கட்டிக்கப் போறவருக்குத் தெரியாமப் போகாது."

ஷாரோனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆமாம், அவரைக் கூப்பிடுங்கள் என்றாள். கிரேஸும் தலையை ஆட்டினாள்.

பத்தே முக்காலுக்கு ஜெபகுமார் வந்தான். பைக்கை வெயிலில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். அன்னம்மாளுக்கும் ஆயருக்கும் வணக்கம் சொன்னான். பிறகு இருவரையும் பார்த்தான்.

ஷாரோன் எழுந்து நின்றாள். அவன் கண் அவள்மேல் நின்றது. பின் புடவை கட்டியவளிடம் போனது. மறுபடி இவளிடம் வந்தது.

அந்த மறுபடியை ஷாரோன் பார்த்தாள்.

"நான்தாங்க," என்றாள்.

"நான் கல்யாணம் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேங்க," என்றாள் கிரேஸ். தலையை நிமிர்த்தவில்லை. "மன்னிச்சிடுங்க. அவள விட்டுட்டு வர முடியல."

"பொய் சொல்றா," என்றாள் ஷாரோன். "அவ கிரேஸ். கேளுங்க, எதுனா கேளுங்க. உங்க பஸ் நம்பர் கேளுங்க. நீங்க குடி பாத்திருக்கிற வீட்டுல ஒரு ஜன்னல் தொறக்காது. உங்கம்மாவுக்கு இடது காது கேக்காது."

"அதெல்லாம் நீ என்கிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சிக்கினது," என்றாள் கிரேஸ். மெதுவாகத்தான் சொன்னாள்.

ஜெபகுமார் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நான் ஒண்ணு கேக்கறேன் ஐயா," என்றான். "எங்க வீட்டுல மொதல்ல இந்தச் சம்பந்தம் வேணாம்னாங்க. தறிக்காரப் பொண்ணு, பத்தாவதுதான், வேணாம்னாங்க. நானும் ரெண்டு மனசாத்தான் இருந்தேன். ஒரு நாள் திருமுக்கூடலுக்குப் போனோம். ஆத்து மணல்ல உக்காந்து ஷாரோன் ஒண்ணு சொல்லிச்சு. அதக் கேட்டப்புறந்தான் கட்டுனா இந்தப் பொண்ணத்தான்னு வீட்டுல சண்ட போட்டேன். அது எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்." அவன் இருவரையும் பொதுவாகப் பார்த்தான். "இன்னா சொன்னே?"

திருமுக்கூடலுக்குப் போனது கிரேஸ்.

அன்று ஷாரோனுக்குக் காய்ச்சல். மூன்று வார இடைவெளிக்குப் பிறகு அவன் லீவு எடுத்து வந்திருந்தான். பாயில் படுத்துக்கொண்டு ஷாரோன்தான் சொன்னாள், நீ போய்ட்டு வாடி, அவருக்குத் தெரியவா போவுது. தன் சுடிதாரை எடுத்துக் கொடுத்தாள். தன் செருப்பைக் கொடுத்தாள். சாயங்காலம் கிரேஸ் திரும்பி வந்தாள். என்ன பேசினார் என்று ஷாரோன் கேட்டாள். ஒண்ணும் இல்லடி, மூணு ஆறு சேர்ற இடம்னாரு, பாத்தா வெறும் மணலு என்றாள் கிரேஸ். போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். ஷாரோனுக்கு இருமல் வந்தது. கிரேஸ் முதுகைத் தடவினாள்.

அன்னைக்கு நான் வரல என்று இப்போது சொல்லலாம். சொன்னால்? அன்னைக்கு நான் வரல என்றால், ஆமாம், நீ கிரேஸ், நீ வரவில்லை என்பான்.

"சொல்லும்மா," என்றார் ஆயர், ஷாரோனைப் பார்த்து.

அவளிடம் சொல்வதற்கு மணல் மட்டும்தான் இருந்தது.

"நான் செத்துப்போனா," என்றாள் கிரேஸ்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் குரல் இறங்கியிருந்தது. ஷாரோன் அந்தக் குரலை இதற்கு முன் கேட்டதில்லை.

"நான் செத்துப்போனா, செத்தது யாருன்னு எங்கம்மா என் தங்க..." நிறுத்தினாள். "எங்கம்மா இன்னொருத்தியத்தான் கேக்கும். அப்பவும் என்னக் கேக்காதுன்னு சொன்னேன்."

அன்னம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு நான் இன்னா சொன்னேன்?" என்றான் ஜெபகுமார். அவன் கண் கலங்கியிருந்தது.

"நான் கேக்க மாட்டேன். பாத்தாலே எனக்குத் தெரியும்னு சொன்னீங்க."

வெளியே மத்தியான ஆராதனைக்குச் சின்னப் பிள்ளைகள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார்கள்.

ஷாரோன் தன் அக்காவைப் பார்த்தாள். கிரேஸ் எதையும் மறைத்ததில்லை என்று நினைத்திருந்தாள். இதை ஏழு மாதம் மறைத்து வைத்திருந்தாள். பக்கத்தில் படுத்து, ஒரே தலையணையில், தினமும். கிரேஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெயித்தது எதுவும் இல்லை. தறியில் கரை நாடாவைப் போட்டுவிட்டு எதிர்க் கைக்குக் காத்திருப்பதுபோல் பார்த்தாள்.

ஷாரோன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஜெபகுமார் எழுந்து அவள் அருகில் வந்தான். குனிந்தான். கோபமாகப் பேசவில்லை. அவன் இவ்வளவு மென்மையாகப் பேசி ஷாரோன் கேட்டதில்லை.

"அவள விட்டுடு கிரேஸ்," என்றான். "அவ எப்பதான் அவளா இருக்கறது?"